சொல்லாமல் நின்றுபோன சிகிச்சை

(திருவனந்தபுரத்தில் தமிழ் அன்பர்கள் முன்னிலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மனநலம் பற்றி நம் மேடைகளில் இப்போது நிறையப் பேசுகிறோம். தயங்காதீர்கள், கவுன்சலிங் போங்கள், மனசைத் திறந்து பேசுங்கள் என்கிறோம். நல்ல பேச்சு. இன்னும் பேசத்தான் வேண்டும். ஆனால் அந்தப் பேச்சைக் கேட்டு ஒருவர் போகிறார், மனசைத் திறக்கிறார், பாதி பேசிக்கொண்டிருக்கும்போதே எதிரில் இருந்தவர் காணாமல் போய்விடுகிறார். அப்போது அவர் என்ன செய்வார்? யாரிடம் போய்ச் சொல்வார்? எங்கே போய்க் கேட்பார்? இதைப் பற்றி எந்த மேடையில் பேசினோம்?

இன்றைக்கு அதைத்தான் பேசப்போகிறேன். காரணம் சொல்லாமல், மாற்று ஏற்பாடு செய்யாமல், சிகிச்சையை நடுவில் விட்டுப்போகும் சிகிச்சையாளர்கள் பற்றியும், அப்படி விடப்பட்டவர்கள் அதைத் தாங்கி நிற்பது பற்றியும், நியாயம் கேட்பது பற்றியும்.

ஒரு பெண்ணைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். இவள் யாருடைய கதையும் அல்ல. ஆனால் இந்த ஊரில் யாருக்கும் நடக்கக்கூடிய கதை. நாகர்கோவில்காரி. டெக்னோபார்க்கில் வேலை. அம்மாவிடம்கூடச் சொல்லாத ஒன்றைச் சுமந்துகொண்டிருந்தவள், தமிழ் தெரிந்த ஒரு சைக்காலஜிஸ்டை எப்படியோ தேடிப் பிடித்தாள். மலையாளம் அவளுக்கு நன்றாகவே வரும், ஆபீசில் பேச, பஸ்ஸில் பேச, கடையில் பேச. அழ மட்டும் வராது. அழுகைக்கு அவளுக்குத் தமிழ்தான் வேண்டியிருந்தது. வாரம் ஒரு செஷன். பல மாதம் கழித்துத்தான் அந்த விஷயத்தின் விளிம்புக்கே வந்தாள். ஒரு நாள் பாதி சொன்னாள். மீதியை அடுத்த வாரம் சொல்லலாம் என்று மேடம் சொன்னார்.

அந்த அடுத்த வாரம் வரவேயில்லை. முதலில் ஒத்திவைத்தார்கள். பிறகு இன்னொரு முறை ஒத்திவைத்தார்கள். பிறகு வாட்ஸ்அப் செய்திக்கு நீல டிக் மட்டும் வந்தது, பதில் வரவில்லை. கிளினிக்கில் போய்க் கேட்டால், வரவேற்பில் இருந்த பெண் தலையை நிமிர்த்தாமல், "மேடம் இப்ப இங்க வர்றதில்லையே" என்றாள். முன்பணமாகக் கட்டிய ஃபீஸ்? அதைப் பற்றி அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் தெரியாது.

இவள் வெளியே வந்து படிக்கட்டில் நின்று தன்னையே கேட்டுக்கொண்ட கேள்வி எது தெரியுமா? "அவங்க ஏன் இப்படிப் பண்ணினாங்க" என்று அவள் கேட்கவில்லை. "நான் என்ன தப்புப் பண்ணினேன்" என்றுதான் கேட்டாள். நான் சொன்னது அவ்வளவு அசிங்கமா? என்னைச் சகிக்க முடியாமல்தான் போய்விட்டார்களா? அன்பர்களே, இந்தக் கேள்விதான் என்னை இந்த மேடைக்கு இழுத்து வந்தது. கடமை தவறியவர் வேறு எங்கோ நிம்மதியாக இருக்கிறார். குற்ற உணர்ச்சியை மட்டும் இவள் வீட்டுக்கு எடுத்துப் போகிறாள்.

இதில் இன்னொரு கொடுமை, ரகசியம். இந்த ஊரில் ஊளம்பாறை என்ற பெயர் எப்படிப் பயன்படுகிறது என்று உங்களுக்குத் தெரியும். 1870இல் தொடங்கி இன்றுவரை எத்தனையோ பேரைக் காத்த மனநல மருத்துவமனை அங்கே இருக்கிறது. நாமோ அந்த இடத்தின் பெயரை ஒரு வசவுச் சொல்லாக்கி வைத்திருக்கிறோம். சென்னையில் கீழ்ப்பாக்கத்துக்கும் அதே கதி. இப்படிப்பட்ட ஊர்களில் கவுன்சலிங் போகிறவர் சொல்லிவிட்டா போவார்? மறைத்துத்தான் போவார். ஒருவர் இறந்தால் துக்கம் கேட்க ஆள் வரும். கல்யாணம் நின்றுபோனால் ஆறுதல் சொல்ல அத்தை வருவாள். தெரபிஸ்ட் விட்டுப்போனால் யார் வருவார்? அப்படி ஒருவர் வாழ்க்கையில் இருந்ததே யாருக்கும் தெரியாதே!

இது ஏதோ சிலருடைய சொந்தத் துயரம் என்று ஒதுக்கிவிட முடியுமா? முடியாது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு 2015-16இல் 12 மாநிலங்களில் நடந்தது. கேரளமும் தமிழ்நாடும் அதில் உண்டு. மனச்சோர்வு, பதற்றம் போன்ற பரவலான கோளாறுகள் உள்ளவர்களில் 85 விழுக்காட்டினருக்குச் சிகிச்சை எட்டவேயில்லை என்று அது கண்டது. நூறு பேரில் பதினைந்து பேர்தான் வாசல்வரை வருகிறார்கள். அப்படி வந்தவரில் ஒருவரை நாம் விரட்டிவிட்டால், அவர் மறுபடி எந்த வாசலுக்குப் போவார்? தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டுக் கணக்கில் நாட்டின் தற்கொலை விகிதம் லட்சத்துக்கு 12.4. கேரளத்தில் 28.5. படிப்பிலும் ஆரோக்கியத்திலும் முன்னே நிற்கும் மாநிலத்தில் இரு மடங்குக்கும் மேல். இப்படிப்பட்ட மண்ணில் ஒரு சிகிச்சை சொல்லாமல் நின்றுபோவது சின்ன விஷயமா?

இந்த வலி ஏன் இவ்வளவு பெரிதாக இருக்கிறது என்பதற்கு ஒரு விளக்கம் உண்டு. ஜான் பௌல்பி என்ற ஆங்கிலேய மனநல மருத்துவரும், அவருடன் வேலை செய்த ஜேம்ஸ் ராபர்ட்சனும், மருத்துவமனையில் தாயைப் பிரிந்து கிடந்த குழந்தைகளைக் கூர்ந்து பார்த்தார்கள். 1952இல் ராபர்ட்சன் அதைத் திரைப்படமாகவே எடுத்துக் காட்டினார். குழந்தை முதலில் அழுது ஆர்ப்பாட்டம் செய்கிறது. பிறகு சோர்ந்து சுருண்டுவிடுகிறது. அதற்கும் பிறகு அமைதியாகிவிடுகிறது. நர்ஸைப் பார்த்துச் சிரிக்கிறது, கொடுத்ததைச் சாப்பிடுகிறது. எல்லோரும், பிள்ளை பழகிவிட்டான் என்று மகிழ்கிறார்கள். ஆனால் தாய் வந்து நின்றால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். அது பழக்கம் இல்லை, மனம் கதவடைத்துக்கொண்டது.

நாம் சொன்ன நாகர்கோவில் பெண்ணும் இதே வழியில்தான் போகிறாள். முதலில் திரும்பத் திரும்பப் போன் செய்கிறாள். பிறகு லீவு போட்டுவிட்டுப் படுத்துக் கிடக்கிறாள். பிறகு ஒரு நாள் எழுந்து குளித்து வேலைக்குப் போகிறாள். "எனக்கு யாரும் வேண்டாம், நான் நல்லாத்தான் இருக்கேன்" என்கிறாள். உடனிருப்பவர்களே, உங்களுக்குச் சொல்கிறேன், இந்த மூன்றாவது கட்டத்தைக் கண்டு ஏமாறாதீர்கள். அப்போதுதான் அவளோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அப்போதுதான் "நடந்ததைச் சொல்லு" என்று கேட்க வேண்டும். "வேற ஆளைப் பாரு" என்று சட்டென்று சொல்லிவிடாதீர்கள். கடைசியில் வேறு ஆளைத்தான் பார்க்க வேண்டும், சரி. ஆனால் போனதற்கு அழ ஓர் இடம் கொடுத்துவிட்டு அதைச் சொல்லுங்கள்.

சரி, விடப்பட்டவர் முதல் சில நாட்களில் என்ன செய்வது? நியாயம் கேட்பதைப் பிறகு பார்க்கலாம். முதலில் உயிர், முதலில் உறக்கம், முதலில் மருந்து. மனநல மருத்துவர் காணாமல் போனார் என்பதற்காக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். லித்தியம் போன்ற மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் நோய் திரும்பி வரும் ஆபத்து உண்டு. மனச்சோர்வு மாத்திரைகள் பலவற்றைச் சட்டென்று விட்டால் தலைசுற்றும், தூக்கம் கெடும், எரிச்சல் ஏறும். நெடுநாள் எடுத்த தூக்க மாத்திரையை ஒரேயடியாக விட்டால் வலிப்புகூட வரலாம். பழைய மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு மெடிக்கல் காலேஜ் ஓ.பி.க்குப் போங்கள், இல்லையென்றால் ஊளம்பாறைக்கே போங்கள். வெட்கம் எதற்கு? பக்கத்துக் குடும்ப ஆரோக்கிய மையத்தில் 'ஆஸ்வாசம்' என்ற மனச்சோர்வுச் சிகிச்சைத் திட்டம் இருக்கிறது, அங்கே போய்க் கேளுங்கள். இரவு இரண்டு மணிக்கு மனசு கவிழ்ந்தால் 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். அது டெலி-மானஸ், 2022 அக்டோபர் 10இல் தொடங்கிய மத்திய அரசின் இலவச சேவை, தமிழிலும் பேசலாம். கேரள அரசின் 'திசா' எண் 1056. செத்துவிடலாம் என்ற எண்ணம் வந்தால், அது எவ்வளவு லேசாக வந்திருந்தாலும், அந்த இரவைத் தனியாகக் கடக்காதீர்கள்.

இன்னொன்றும் சொல்கிறேன். பாதி சொல்லி நின்ற அந்த விஷயத்தை அவசரப்பட்டு அடுத்தவரிடம் கொட்டிவிட வேண்டியதில்லை. புதிய சிகிச்சையாளரிடம் முதல் நாளே, "எனக்கு முன்னால் இப்படி ஒன்று நடந்தது, நீங்கள் போவதாக இருந்தால் எப்படிச் சொல்வீர்கள்?" என்று கேளுங்கள். நல்லவர் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார். கோபப்பட்டால் அதுவே உங்களுக்குப் பதில்.

இங்கே சிகிச்சையாளர்களின் பக்கமும் நின்று பேசுவது நியாயம். அவர்களும் மனிதர்கள்தாம். நோய் வரும், பிரசவம் வரும், கணவருக்கு மாற்றல் வரும், ஒப்பந்த வேலை முடிந்துபோகும். பெரிய மருத்துவமனைகளில் பயிற்சிக்கு வரும் இளைஞர்களின் போஸ்டிங் மாறும். நோயாளி அடுத்தவரிடம் முதலிலிருந்து கதை சொல்லத் தொடங்குவார். அதற்கு அந்த இளைஞரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை, அந்த ஏற்பாட்டைத்தான் கேட்க வேண்டும். சில நேரம் சிகிச்சையாளர் விலகியே ஆக வேண்டும். மிரட்டல் வந்தால் விலகலாம். தனக்குத் தெரியாத நோய் என்று உணர்ந்தால் விலகத்தான் வேண்டும். அமெரிக்க உளவியல் சங்கத்தின் ஒழுக்க நெறிகள்கூட இதை ஒப்புக்கொள்கின்றன. ஆனால் விலகும் முன் பேசு, வேறு யாரைப் பார்க்கலாம் என்று காட்டு, நீ திடீரென்று நோயில் விழுந்தாலும் இறந்தாலும் அவர் நிலை என்ன என்று முன்கூட்டியே யோசித்து வை என்றும் அதே நெறிகள் சொல்கின்றன. சிகிச்சை முடியலாம். முடிப்பது தவறில்லை. நட்டாற்றில் விடுவதுதான் தவறு.

இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ள ஒரு பழைய கதைக்குப் போவோம். பேசியே மனநோயைத் தீர்க்கலாம் என்ற எண்ணம் பிறந்த இடத்துக்கே போவோம். வியன்னா நகரம். 1880ஆம் ஆண்டின் இறுதி. இருபத்தோரு வயதுப் பெண். பெயர் பெர்த்தா பாப்பன்ஹைம். நோயாளித் தந்தைக்குப் பணிவிடை செய்தபடியே அவளும் நோயில் விழுந்தாள். கை மரத்தது, பார்வை தடுமாறியது, தாய்மொழியே மறந்து ஆங்கிலத்தில் மட்டும் பேசினாள். யோசெப் பிராயர் என்ற மருத்துவர் நாள்தோறும் வந்து அவள் சொல்வதைக் கேட்டார். சொல்லச் சொல்ல அவள் சுமை இறங்கியது. இதற்குப் பேச்சுச் சிகிச்சை என்று பெயர் வைத்ததே அந்த நோயாளிப் பெண்தான். இன்று உலகம் முழுவதும் நடக்கும் ஒவ்வொரு செஷனும் அந்த அறையிலிருந்து கிளம்பியது.

1882 ஜூனில் பிராயர் அந்தச் சிகிச்சையை நிறுத்தினார். அவர் பயந்து ஓடிவிட்டார் என்றொரு கதை பிற்காலத்தில் பரவியது. வரலாற்று ஆய்வாளர்கள் அதை ஏற்பதில்லை, நானும் அதைச் சொல்லப்போவதில்லை. அவர் ஒரு சரியான காரியம் செய்தார். அடுத்த மாதமே அவள் சுவிட்சர்லாந்தின் குரொய்ட்ஸ்லிங்கனில் இருந்த ஒரு மருத்துவமனையில் சேர வழி செய்தார், அவள் நோயைப் பற்றி அறிக்கை எழுதி அனுப்பினார். கையை விடும்போது இன்னொரு கையில் கொடுத்துவிட்டுப் போனார். நூற்று நாற்பது ஆண்டுக்கு முன்னால், எந்தச் சட்டமும் கேட்காமலே, அந்த மனிதர் செய்த அளவுகூட இன்று நீல டிக்கோடு நின்றுவிடும் சிகிச்சையாளர்கள் செய்வதில்லையே!

ஆனால் அவர் ஒன்றில் தவறினார். 1895இல் ஃப்ராய்டோடு சேர்ந்து எழுதிய நூலில், ஆன்னா ஓ. என்ற மாற்றுப் பெயரில் அவள் கதையைச் சொன்னார். அந்த மருத்துவமனையைப் பற்றி அதில் மூச்சே விடவில்லை. அவள் நலமடைந்தாள் என்ற தோற்றத்தையே தந்தார். உண்மையில் அவள் அதற்குப் பிறகும் சில ஆண்டுகள் மருத்துவமனைகளுக்கும் வீட்டுக்குமாக அலைந்தாள், மார்பின் பழக்கத்தோடும் போராடினாள். உண்மை எப்படி வெளியே வந்தது? 1972இல் ஹென்றி எல்லன்பெர்கர் என்ற ஆய்வாளர் அந்தப் பழைய மருத்துவமனைப் பதிவேட்டைத் தேடி எடுத்தார். வெற்றி என்று புத்தகம் சொன்னதை, இல்லை என்று கேஸ் ஷீட் சொன்னது. தொண்ணூறு ஆண்டு கழித்து!

அதற்குள் பெர்த்தா என்ன ஆனாள்? நோயாளியாகவே முடிந்துபோனாளா? இல்லை. 1904இல் ஜெர்மானிய யூதப் பெண்களுக்கு ஒரு பெரும் சங்கத்தைக் கட்டினாள். விற்கப்பட்ட பெண்களையும் தந்தை பெயர் இல்லாத குழந்தைகளையும் காக்க நோயி-ஈசன்புர்கில் ஓர் இல்லம் தொடங்கினாள். பெண்ணுரிமை நூல் ஒன்றை மொழிபெயர்த்தாள். 1954இல் மேற்கு ஜெர்மனி அவள் முகத்தை அஞ்சல் தலையில் பொறித்தது. நூலில் நோயாளியாக வந்தவளும் அஞ்சல் தலையில் வந்தவளும் ஒருத்திதான் என்று அதற்கு ஓராண்டு முன்புதான் வெளியுலகம் அறிந்தது. குணமாகாமல் சிகிச்சை நின்றுபோன ஒருவரின் வாழ்க்கை அங்கேயே நிற்க வேண்டியதில்லை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

அந்தப் பதிவேட்டை மறந்துவிடாதீர்கள். ஏனென்றால் இப்போது நம் ஊருக்கு, நம் சட்டத்துக்கு வருகிறேன். நியாயம் கேட்கும் வேலை காகிதத்தில்தான் தொடங்குகிறது.

உங்களை விட்டுப்போனவர் எம்.பி.பி.எஸ். படித்த மனநல மருத்துவர் என்றால், 2002ஆம் ஆண்டின் மருத்துவ ஒழுக்க விதிகள் அவரைக் கட்டுப்படுத்தும். யாருக்குச் சிகிச்சை தருவது என்பது மருத்துவரின் விருப்பம். ஆனால் ஒரு முறை ஏற்றுக்கொண்டால் புறக்கணிக்கக் கூடாது, நோயாளிக்கும் குடும்பத்துக்கும் போதிய முன்னறிவிப்புத் தராமல் விலகக் கூடாது என்று அதில் தெளிவாக இருக்கிறது. நம் பெண் பார்த்தது சைக்காலஜிஸ்டை, இந்த விதி அவரைக் கட்டுப்படுத்தாது, ஆனாலும் அவள் படிக்கட்டில் நின்று கேட்ட கேள்விக்கு இதிலேயே பதில் இருக்கிறது. தப்பு உன்னுடையது இல்லை தாயே, சொல்லாமல் விட்டுப்போனவர்களுடையது. அதே விதிகளின்படி, நோயாளி கேட்டால் மருத்துவப் பதிவுகளை 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். புகாரைக் கேரள மாநில மருத்துவக் கவுன்சிலுக்கு அனுப்பலாம். பெரியவர்கள் அதைத் திருவிதாங்கூர்-கொச்சி மெடிக்கல் கவுன்சில் என்ற பழைய பெயரில் அறிந்திருப்பீர்கள். இதே நகரத்தில்தான் அதன் அலுவலகம் இருக்கிறது. ஆறு மாதத்துக்குள் முடிவு எடுக்க வேண்டும் என்று விதி சொல்கிறது.

அவர் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால், இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின் பதிவேட்டில் அவர் பெயர் இருக்க வேண்டும். 1992ஆம் ஆண்டுச் சட்டம் அது. பதிவு எண் என்ன என்று முதல் நாளே கேளுங்கள். பதிவில்லாமல் அந்தத் தொழிலைச் செய்வது ஓராண்டு வரை சிறைத் தண்டனை தரக்கூடிய குற்றம். பதிவு உள்ளவர் ஒழுக்கம் தவறினால் தில்லியில் இருக்கும் அந்தக் குழுமத்துக்கே எழுதலாம்.

நீங்கள் தங்கிச் சிகிச்சை பெற்ற இடத்தில் இது நடந்ததா? அப்படியென்றால் 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் உங்கள் கையில் இருக்கிறது. 2018 மே மாதம் முதல் நடைமுறையில் இருப்பது. ஒரு நோயாளியின் பொறுப்பு வேறு மனநல மருத்துவரிடம் போகும்போது, பழைய மருத்துவர் நோயாளியோடும் குடும்பத்தோடும் புதிய மருத்துவரோடும் கலந்து பேச வேண்டும் என்று 98ஆம் பிரிவு சொல்கிறது. பதிவுகளைப் பார்க்கும் உரிமையை 25ஆம் பிரிவு தருகிறது. குறைகளைப் பற்றிப் புகார் செய்யும் உரிமை 28ஆம் பிரிவில் இருக்கிறது. முதலில் நிறுவனப் பொறுப்பாளரிடம் சொல்ல வேண்டும், பதில் சரியில்லை என்றால் மனநல மறுஆய்வு வாரியத்துக்கு, அதிலும் நிறைவில்லை என்றால் மாநில மனநல ஆணையத்துக்குப் போகலாம். 27ஆம் பிரிவு இலவசச் சட்ட உதவி தருகிறது. வஞ்சியூர் நீதிமன்றம் போகத் தெரிந்த எவருக்கும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையத்தைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை.

காசு கொடுத்துப் பெற்ற சிகிச்சை என்றால் நுகர்வோர் ஆணையமும் உண்டு. மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995இல், இந்திய மருத்துவச் சங்கம் எதிர் வி.பி. சாந்தா வழக்கில் தீர்ப்பளித்தது. இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்க வேண்டும். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் புகாருக்குக் கட்டணமில்லை. முன்பணமாகக் கட்டித் திரும்பி வராத ஃபீஸ் இந்த வாசலில்தான் கேட்கப்பட வேண்டும்.

ஆனால் அன்பர்களே, இந்தத் தொழில்முறைக் கவுன்சில்களுக்கு வெளியே ஒரு கூட்டம் நிற்கிறது. கவுன்சலர் என்று போர்டு மாட்டியவர்கள். எத்தனையோ பேர் நல்ல மனத்தோடு நல்ல வேலை செய்கிறார்கள், அதை மறுக்கவில்லை. ஆனால் அவர்களில் ஒருவர் விட்டுப்போனால் எந்தக் கவுன்சிலுக்கு எழுதுவது? இந்தக் குறையையும் தீர்க்கக்கூடியதாக 2021இல் துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் வந்தது. உளவியலாளர்களும் கவுன்சலர்களும் அதன் பட்டியலில் இருக்கிறார்கள். பட்டியலில் பெயர் இருந்தால் மட்டும் போதுமா? நாகர்கோவில் பெண் போய்த் தட்டக்கூடிய கதவாக அது மாற வேண்டாமா? முடி வெட்டும் கடைக்கும் உரிமம் கேட்கும் நாட்டில், மனிதரின் ஆழத்தில் கை வைப்பவரிடம் ஒன்றும் கேட்காமல் இருப்பது பெரிய அநியாயம். இதைப் பேசும்போது எனக்குக் கோபம் வருகிறது. உங்களுக்கும் வரவேண்டும்.

இனி, புகார் கொடுக்க நினைப்பவர்களைத் தடுக்கும் மிகப் பெரிய பயத்துக்கு வருகிறேன். "நான் மனநோயாளி. நான் சொன்னால் யார் நம்புவார்?" இந்தப் பயம்தான் எத்தனையோ கடிதங்களைக் கிழித்துப் போட்டிருக்கிறது. மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 3ஆம் பிரிவைக் கேளுங்கள். ஒருவருக்கு மனநோய் இருப்பது மட்டுமே அவர் சித்தசுவாதீனம் இல்லாதவர் என்று கொள்ளப் போதாது, நீதிமன்றம் அப்படி அறிவித்தால் ஒழிய.

சட்டப் பிரிவு நம்பிக்கை தரவில்லை என்றால், இந்த ஊரில் நடந்ததைச் சொல்கிறேன். விட்டுப்போனதைவிடப் பல மடங்கு கொடியது அது. ஆலோசனைக்கு அழைத்து வரப்பட்ட 13 வயதுச் சிறுவனிடம் உளவியலாளர் ஒருவர் அத்துமீறினார். பையன் வெளியே சொல்லவில்லை. அவன் நிலை மோசமானது. பிற்பாடு மெடிக்கல் காலேஜ் மனநலப் பிரிவுக்கு வந்தபோது, அங்கிருந்த மருத்துவர்கள் பொறுமையாகக் கேட்டார்கள். பையன் சொன்னான். அவர்கள் நம்பினார்கள். விஷயம் போலீசுக்குப் போனது. 2022 பிப்ரவரியில் திருவனந்தபுரம் போக்சோ விரைவு நீதிமன்றம் அந்த உளவியலாளருக்கு ஆறு ஆண்டுக் கடுங்காவல் விதித்தது. எதிர்த் தரப்பில் நின்றவர் படித்தவர், பதவியில் இருந்தவர். இந்தப் பக்கம் ஒரு பிள்ளை, அதுவும் மனநலச் சிகிச்சையில் இருந்த பிள்ளை. நீதிமன்றம் பிள்ளையை நம்பியது. இரண்டாவதாகக் கேட்டவர்கள் சரியாகக் கேட்டதால் வந்த நியாயம் அது. இங்கே சிகிச்சையாளர்கள் யாராவது உட்கார்ந்திருந்தால் இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். வேறொருவரால் காயப்பட்டு உங்களிடம் வருகிறவர் சொல்வதை, சக தொழில்காரர் என்ற பாசத்தில் அமுக்கிவிடாதீர்கள்.

சிகிச்சையாளர்களே, உங்களிடம் இன்னொரு வேண்டுகோளும் உண்டு. நாளைக்கு நீங்கள் விபத்தில் விழுந்தால், உங்கள் நோயாளிகளுக்கு யார் போன் செய்வார்? அந்த ஒரு பெயரை இன்றே எழுதி வையுங்கள். முதல் செஷனிலேயே நோயாளியிடமும் சொல்லுங்கள். வேலையை விடுவதாக இருந்தால், கடைசிச் சந்திப்பு என்று ஒன்றை ஒதுக்குங்கள். அதற்குக்கூட நேரமில்லை என்றால் நான்கு வரி எழுதுங்கள். மௌனத்தைத் தாங்குவதைவிட எந்தக் காரணத்தையும் தாங்குவது எளிது.

புகார் எழுதுகிறவர்களுக்கு நடைமுறையாகச் சில சொற்கள். முதல் கடிதம் சிகிச்சையாளருக்கே போகட்டும். ஏன் நின்றது, என் பதிவுகள் எங்கே, நான் யாரைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் கேளுங்கள். நியாயமான நாட்கள் காத்திருங்கள். பதில் இல்லையென்றால் புகார். தேதி, ரசீது, வாட்ஸ்அப் செய்திகளின் நகல், சந்திப்பு நின்ற விதம், அதனால் உங்களுக்கு ஏற்பட்ட கெடுதல், இவை இருக்கட்டும். உங்கள் அந்தரங்கத்தை அதில் எழுத வேண்டியதில்லை. சேவை நின்ற கதையை எழுதுங்கள், அழுகையின் கதை உங்களோடு இருக்கட்டும். கோபத்தில் ஃபேஸ்புக்கில் பெயர் போட்டு எழுதிவிடாதீர்கள் என்பது என் கருத்து. அவதூறு வழக்கு ஒரு பக்கம் இருக்கட்டும். உங்கள் சிகிச்சை விவரம் ஊர் வாயில் விழுந்துவிடும், அதைத் திரும்ப எடுக்க முடியாது.

ஒளிக்காமல் சொல்கிறேன், இவ்வளவும் செய்து கடைசியில் மன்னிப்பு என்ற ஒரு சொல் வராமல் போகலாம். கவுன்சில் இழுத்தடிக்கலாம். உடம்பும் மனசும் இடம் கொடுக்காவிட்டால், புகாரே கொடுக்காமல் இருக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. அதைக் கோழைத்தனம் என்று எவரும் சொல்லக் கூடாது. ஆனால் பதிவுகளை மட்டும் கேட்டு வாங்கிவிடுங்கள். அடுத்த சிகிச்சைக்கு அது வேண்டும். உண்மைக்கும் அது வேண்டும்.

இனி தமிழர்களாகிய நமக்கு மட்டும் ஒன்று. நம் வீட்டு அம்மாவுக்கு மலையாளம் எழுத வராது, ஆங்கிலம் தெரியாது, அவள் எப்படிப் புகார் எழுதுவாள் என்று கேட்பீர்கள். 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், இங்கே வாழும் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும் தங்கள் மொழியிலேயே எழுதலாம் என்று உரிமை தந்திருக்கிறது. அரசு மருத்துவமனையில் உங்கள் சிகிச்சை சொல்லாமல் நின்றுபோனால், சுகாதாரத் துறை இயக்குநருக்குத் தமிழில் எழுதுங்கள். பதிலையும் தமிழிலேயே கேளுங்கள். எழுதத் தயக்கமாக இருப்பவர்கள் கூட்டம் முடிந்ததும் தாளும் ரசீதும் எடுத்துக்கொண்டு வாருங்கள், நான் இங்கேயேதான் இருப்பேன், உட்கார்ந்து எழுதுவோம்.